நேட்டாலின் கரும்பும் ராபன் தீவின் சிறையும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்பு நட்ட வெள்ளைக்காரர்களிடம் நிலம் இருந்தது, மழை இருந்தது, சர்க்கரைக்குச் சந்தையும் இருந்தது. வெட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. 1843இல் பிரிட்டன் அந்த இந்தியப் பெருங்கடல் ஓரத்தைத் தன் காலனியாக்கியபோது அங்கே ஜூலு மக்கள் மாடு மேய்த்து, மக்காச்சோளம் விதைத்து, தங்கள் குடிகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர். இன்னொருவன் தோட்டத்தில் விடிந்தது முதல் இருட்டும்வரை குனிந்து நிற்க அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கூலிக்கு வர மறுத்தவர்களைச் சோம்பேறிகள் என்று தோட்ட முதலாளிகள் ஏசினார்கள். சொந்த மண்ணும் மந்தையும் உள்ளவன் கூலிக்குப் போகாமல் இருப்பது அந்தக் காலனியில் நடந்த முதல் எதிர்ப்பு. அதை உடைக்கப் பிரிட்டன் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஆப்பிரிக்கரின் நிலத்தையும் மந்தையையும் மெல்ல மெல்லப் பறிப்பது ஒன்று. அதற்குள் வேலை நின்றுவிடாமல் கடல் கடந்து ஆள் பிடித்து வருவது மற்றொன்று. தமிழர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது இந்த இரண்டாவது வழியில்.

1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், சேலம் ஆகிய மாவட்டங்கள் ஆள் பிடிப்போருக்கு நல்ல களமாக இருந்தன. உதாரணமாக, வடக்கனந்தல் என்ற ஊர் அன்றைக்குத் தென்னார்க்காட்டின் கள்ளக்குறிச்சி தாலுகாவில் அடங்கியது. கோமுகி அணை கட்டப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன், ஏரி நிரம்பினால் சோறு, நிரம்பாவிட்டால் பட்டினி என்று இருந்த மானாவாரிச் சீமை அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்தில் அப்படிப்பட்ட தாலுகாக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. தரகர் சொன்னதை நம்பிச் சென்னை டிப்போவுக்கு நடந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உடம்பிலுள்ள தழும்பு, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாவற்றையும் கப்பல் பதிவேடுகள் குறித்துவைத்தன. டர்பனில் இன்றும் ஏராளமாகக் காணப்படும் படையாச்சி, கவுண்டர், முதலி, பிள்ளை, நாயக்கர் என்ற குடும்பப் பெயர்கள் அந்த ஏடுகளின் வழியே ஆங்கில எழுத்தில் உறைந்தவை.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஷில்லிங் உயர்வு, அதோடு அரிசியும் பருப்பும். கரும்பு விளையும் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த வேலையின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. அதே கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் சோகை கிழித்த கையோடு மாலையில் வீடு திரும்பிவிடலாம். நேட்டாலில் எஸ்டேட் எல்லையைத் தாண்டவே முதலாளியின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் வெளியே அகப்பட்டால் சிறை. உடல்நலமில்லை என்று ஒரு நாள் படுத்தால் அந்த நாளின் கூலி போகும். புகார் சொல்லக் குடியேற்றப் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். அவரிடம் போவதற்கும் எஸ்டேட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில்தான் கப்பலில் ஆள் ஏற்றினார்கள். குடும்பம் என்பதே பலருக்கு வாய்க்கவில்லை.

இதே ஆண்டுகளில் ஆப்பிரிக்கர் மீது முதல் வழி வேலை செய்துகொண்டிருந்தது. 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானா என்ற இடத்தில் ஜூலுப் படை பிரிட்டிஷ் ராணுவத்தை முறியடித்தது. ஈட்டியும் கேடயமும் ஏந்திய படையிடம் துப்பாக்கி ஏந்திய பேரரசு தோற்ற அந்த நாள் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. ஆனாலும் அதே ஆண்டுக்குள் ஜூலு அரசு வீழ்ந்தது. 1897இல் ஜூலு நாடு நேட்டாலோடு சேர்க்கப்பட்டது. குடிசைக்கு வரி, தலைக்கு வரி, இருந்த மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் என்று ஒவ்வொன்றாக வந்தபின், வரி கட்டும் காசுக்காகவே ஜூலு இளைஞர்கள் கிம்பர்லியின் வைரச் சுரங்கங்களுக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களுக்கும் நடக்க வேண்டியதாயிற்று.

வரி என்ற அதே கருவி தமிழர் மீதும் பாய்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டும் மீன் பிடித்தும் சிறு கடை வைத்தும் பிழைக்கத் தொடங்கினார்கள். வெள்ளையருக்கு உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம். 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் நாட்டில் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்றது. கட்ட முடியாதவர் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கலாம், அல்லது கப்பலேறலாம். மாதம் 10 ஷில்லிங் வாங்குகிறவனுக்கு 3 பவுன் என்பது ஆறு மாதக் கூலி. பிறகு 16 வயது ஆண் பிள்ளைகளும் 13 வயதுப் பெண் பிள்ளைகளும் இந்த வரிக்குள் கொண்டுவரப்பட்டனர். ஆப்பிரிக்க ஆண்களுக்குத் தலைக்கு 1 பவுன் வரி 1905இல் வந்தது. அதை எதிர்த்து 1906இல் பம்பாத்தா என்ற தலைவர் ஆயுதம் ஏந்தினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலுக்கள் கொல்லப்பட்டார்கள்.

ஒரே அரசு, ஒரே வகை வரி, ஒரே வகைச் சீட்டு. இருந்தும் இரு மக்களும் சேர்ந்து நிற்கவில்லை. ஆப்பிரிக்கருக்கு ஒரு சட்டம், இந்தியருக்கு வேறொரு சட்டம், இருவருக்கும் தனித்தனி அதிகாரி, தனித்தனிக் குடியிருப்பு என்று ஆட்சி திட்டமிட்டுப் பிரித்திருந்தது. அன்றைய இந்தியத் தலைமையும் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டே பேசியது. 1893இல் வந்த காந்தி 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் குஜராத்தி வணிகர்களின் சங்கம். பேரரசின் குடிமக்களான இந்தியரை ஆப்பிரிக்கரோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது அதன் மனுக்களில் திரும்பத் திரும்ப வந்த வாதம். காந்தி அன்று ஆப்பிரிக்கரைப் பற்றி எழுதியவற்றில் பலவும் இன்று படிக்க வேதனை தருபவை. பம்பாத்தா போரில் அவர் பிரிட்டிஷ் தரப்பில் தூக்குக்கட்டில் சுமக்கும் படை ஒன்றைத் திரட்டினார். வெள்ளைச் செவிலியர் தொட மறுத்த ஜூலுக்களின் புண்களுக்கு அந்தப் படை மருந்திட்டதும் உண்மை. சலுகை கேட்கும் அரசியலுக்கும் விடுதலை அரசியலுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கடக்கத் தென்னாப்பிரிக்க இந்தியருக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்தத் தூரத்தில் முதல் பெரிய அடியை எடுத்து வைத்தவர்கள் கூலித் தமிழர். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய சத்தியாகிரகம், இந்தியர் கைரேகையோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்தை எதிர்த்தது. வணிகர்கள் பலர் களைத்து விலகியபோது சிறையை நிரப்பியவர்கள் தமிழரே. மொரிஷியசில் பிறந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை சென்றார். நாகப்பன் 1909இல் சிறைக் குளிரில் நோயுற்று இறந்தார். நாடு கடத்தப்பட்ட நாராயணசாமி 1910இல் கரையிறங்க அனுமதி இல்லாமல் கப்பலிலேயே மடிந்தார்.

1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரில் அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் உள்ளிட்ட டிரான்ஸ்வால் பெண்கள், பெரும்பாலும் தமிழர், கைக்குழந்தைகளோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர் குடியிருப்புகளில் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பர் 6 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டால் எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். அவர்களைப் பிடித்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பிய அரசு, சுரங்கக் குடியிருப்புகளையே சிறைகளாகவும் சுரங்க மேற்பார்வையாளர்களையே சிறைக்காவலர்களாகவும் அறிவித்தது. சவுக்கடி வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும் என்பது தண்டனை.

இதற்குப் பின் நடந்ததை எந்தத் தலைவரும் திட்டமிடவில்லை. காந்தி சிறையில் இருந்தபோது வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குத் தானாகப் பரவியது. அறுவடை நாளில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூலிகள் எஸ்டேட் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். டர்பன் நகரில் துறைமுகம், உணவு விடுதி, துப்புரவு எல்லாம் முடங்கின. ஏறக்குறைய 20,000 பேர் வேலையை விட்டிருந்தார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் முதலிய எஸ்டேட்டுகளில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சென்னைக்கு வந்திருந்த வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு, தன் பேரரசின் இன்னொரு பகுதியின் ஆட்சியை வெளிப்படையாகவே கண்டிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, மரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அந்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது, திருமணங்களை ஏற்றது. வாக்குரிமை, நிலவுரிமை, நடமாடும் உரிமை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

1913 இன்னொரு காரணத்துக்காகவும் தென்னாப்பிரிக்க வரலாற்றில் கறுப்பு ஆண்டு. அந்த ஜூனில் வந்த நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கருக்கு ஏறக்குறைய 7 சதவீத நிலத்தை மட்டும் ஒதுக்கியது. ஆப்பிரிக்கருக்கென 1912இல் தோன்றிய தேசியக் காங்கிரஸ், பின்னாளில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் ஆனது. அதன் முதல் தலைவர் ஜான் டூபே நடத்திய பள்ளி, டர்பனுக்கு வடக்கே காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அருகில் இருந்தது. அதே 1913இல் புளூம்ஃபோன்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் பாஸ் சீட்டுகளை எதிர்த்துச் சிறை சென்றார்கள். நியூகாசிலில் தமிழ்ப் பெண்கள், புளூம்ஃபோன்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள். ஒரே ஆண்டு, ஒரே ஆட்சி, ஒரே போர்முறை. இரண்டையும் ஒரு மேடையில் சேர்க்க ஆளில்லாமல் போனது அந்த ஆண்டின் பெரிய இழப்பு.

காந்தி இந்தியா திரும்பியபின் இருபது ஆண்டுகள் மனுவும் தூதுமாகக் கழிந்தன. 1927இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக வந்த சீனிவாச சாஸ்திரியின் முயற்சியில் டர்பனில் இந்திய மாணவருக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி அமைந்தது. அதுதான் அந்தக் கால அரசியலின் நல்ல விளைச்சல். மாற்றம் ஆலைகளிலிருந்து வந்தது. எச். ஏ. நாயுடு, ஜார்ஜ் பொன்னன் போன்ற டர்பன் தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்த சங்கங்களைப் பல ஆலைகளில் கட்டினார்கள். 1937இல் ஃபால்கிர்க் இரும்பு வார்ப்பாலையில் இரு இனத் தொழிலாளரும் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள்.

இந்தத் தொழிற்சங்கத் தலைமுறைதான் 1945இல் நேட்டால் இந்தியக் காங்கிரசை வணிகர்களிடமிருந்து கைப்பற்றியது. எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் மான்டி நாயக்கர் தலைவரானார். 1946இல் இந்தியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் எல்லை கட்டிய சட்டம் வந்தபோது, ஜூன் 13 அன்று டர்பனில் தடைசெய்யப்பட்ட ஒரு மனையில் கூடாரம் அடித்து மறியல் தொடங்கியது. ஏறக்குறைய 2,000 பேர் சிறை சென்றார்கள். விடுதலைக்கு முன்னரே இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்துக்கொண்டு, ஐக்கிய நாடுகள் சபையில் புகார் கொடுத்தது. அந்தப் புகாரை ஆதரிக்க நியூயார்க் போன குழுவில் எச். ஏ. நாயுடுவோடு ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் அல்பிரட் சூமாவும் இருந்தார். 1947 மார்ச் 9 அன்று சூமா, நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் டாக்டர் யூசுப் தாதூ மூவரும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முழு வாக்குரிமை, நிலவுரிமை, பாஸ் சட்டங்களின் ஒழிப்பு எல்லாம் அனைவருக்கும் வேண்டும் என்றது அது. ட்ரூரோ கரை சேர்ந்து 87 ஆண்டுகளுக்குப் பின், தமிழரின் கோரிக்கையும் ஆப்பிரிக்கரின் கோரிக்கையும் ஒரே தாளில் வந்தன.

இரண்டே ஆண்டுகளில் அந்த ஒற்றுமைக்குச் சோதனை வந்தது. 1949 ஜனவரி 13 மாலை டர்பன் சந்தைப் பகுதியில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம், மறுநாள் டர்பனின் கேட்டோ மேனர் குடியிருப்பு முழுவதும் தீயாக மூண்டது. 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். ஆப்பிரிக்கரில் பலர் போலீஸ், ராணுவத் துப்பாக்கிக்கு இரையானவர்கள். வெள்ளையர் சிலர் நின்று வேடிக்கை பார்த்ததோடு தூண்டியும் விட்டார்கள். பழியை அவர்கள் மேல் மட்டும் போட்டு முடிக்க இயலாது. கேட்டோ மேனரில் மனை இந்தியருடையது, வாடகைக் குடிசையில் இருந்தவர் ஆப்பிரிக்கர். பேருந்து இந்தியருடையது, கூட்ட நெரிசலில் நின்று போனவர் ஆப்பிரிக்கர். மேலே இருப்பவனைத் தொட முடியாத கோபம் பக்கத்தில் இருப்பவன் மேல் இறங்கியது. இறந்த இந்தியரில் பெரும்பாலோர் அந்த மனைக்காரர்களைவிட ஏழைகள். இரு காங்கிரஸ் தலைவர்களும் உடனே கூடி, கலவரத்தின் வேர் இன ஒதுக்கல் ஆட்சியில் இருக்கிறது என்று கூட்டறிக்கை விட்டார்கள். 1947இன் கையெழுத்து இல்லாதிருந்தால் அந்தக் கூட்டம் நடந்திராது.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இன ஒதுக்கலைச் சட்டமாகவே எழுதியது. அதை எதிர்த்து 1952 ஜூன் 26 முதல் இரு காங்கிரஸ்களும் சேர்ந்து நடத்திய சட்ட மறுப்பில் 8,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1955இல் கிளிப்டவுனில் சுதந்திர சாசனம் ஏற்கப்பட்டது. 1956 டிசம்பரில் அதன் பேரில் 156 பேர் மீது தேசத்துரோக வழக்கு. மான்டி நாயக்கரும், நேட்டாலில் கரும்பு விவசாயிகளுக்குத் தலைவராயிருந்த ஆல்பர்ட் லுத்துலியும் ஒரே குற்றப்பத்திரிகையில் இருந்தார்கள். 1960 மார்ச் 21 ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றபின் அமைதிவழிக்கு இடமில்லாமல் போயிற்று. 1961 டிசம்பரில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் ஆயுதப் பிரிவு உருவானது. டர்பனில் அதைக் கட்டியவர்களில் கர்னிக் என்ட்லோவுவும் பில்லி நாயரும் முக்கியமானவர்கள். இருவருமே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்கள். இருவருக்கும் 1964இல் 20 ஆண்டுச் சிறை, ராபன் தீவில்.

இந்த நெடிய போரை ஒரே குடும்பத்தில் காண வேண்டுமானால் அது தம்பி நாயுடுவின் குடும்பம். அவர் தம் மகன்களைக் காந்தியிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஒருவரான நாராயணசாமி இந்தியாவில் வளர்ந்து, திரும்பி வந்து, ராய் நாயுடு என்ற பெயரில் ஜோகன்னஸ்பர்க்கில் தொழிற்சங்கம் கட்டினார். மனைவி மனோன்மணியும் சிறை சென்றவர், எல்லாருக்கும் 'அம்மா'. அவர்களுடைய மகன் இந்திரேஸ் 1963இல் ரயில்வே சமிக்ஞைப் பெட்டி ஒன்றைத் தகர்க்கப் போன இடத்தில் சுடப்பட்டுப் பிடிபட்டு, பத்து ஆண்டு ராபன் தீவில் கல் உடைத்தார். மகள் சாந்தி 1969இல் கைதாகி, ஓராண்டுக்கும் மேல் தனிமைச் சிறையில் இருந்தார். வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் விடுதலை என்றபோது சாட்சிக் கூண்டில் நின்று மறுத்தார், அதற்கும் தண்டனை பெற்றார். தாத்தா போன சிறை இந்தியருக்கான சிறை. பேரப்பிள்ளைகள் போனது நாடு முழுவதற்குமான சிறை.

சாதாரணக் குடும்பங்களுக்கு இன ஒதுக்கல் என்பது வீடு போனதுதான். 1950இன் குடியிருப்புப் பகுதிச் சட்டம் இனத்துக்கொரு பகுதி என்று நகரைக் கூறுபோட்டது. கேட்டோ மேனரில் ஒப்பந்தம் முடிந்த தாத்தாக்கள் வாங்கிய மனைகள் பறிக்கப்பட்டு, குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்தின் ஒரே மாதிரி அரசு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் துரத்தப்பட்டனர். வீடுகள் இடிபட்ட வெட்டவெளியில் சில கோயில்கள் மட்டும் தனியே நின்றன. தீ மிதிக்கப் பழைய குடியிருப்பாளர்கள் பேருந்தில் வந்து போனார்கள்.

1970களில் ஸ்டீவ் பிகோவின் இயக்கம், ஒடுக்கப்பட்ட இந்தியரையும் 'கறுப்பர்' என்ற ஒரே சொல்லுக்குள் சேர்த்தது. ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற டர்பன் இளைஞர்கள் அதைக் கட்டி ராபன் தீவுக்குப் போனார்கள். 1973இல் டர்பன் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர் எழுச்சி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி முடிவுக்கு வந்ததும் அதே 1976இல்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகள் ஆகியும் மலைவாழ் மக்கள் ஜாகீர்தாருக்கு வரியும் வெட்டி உழைப்பும் செலுத்திவந்தார்கள். கொடியேற்றம் நடந்த நாளும் உழுகிறவன் கைக்கு உரிமை வந்த நாளும் பல மண்ணில் ஒன்றாக இருந்ததில்லை.

1984இல் வெள்ளை அரசு இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனி நாடாளுமன்ற அவைகளைக் கொடுத்து, ஆப்பிரிக்கரை வெளியே நிறுத்தியது. பழைய பிரிவினையை இம்முறை பரிசாகக் கொடுத்தார்கள். மறுபிறவி எடுத்திருந்த நேட்டால் இந்தியக் காங்கிரஸ் புறக்கணிப்புக்கு அறைகூவல் விடுத்தது. பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே வாக்களித்தார். அந்த ஆண்டுதான் ராபன் தீவிலிருந்து வெளிவந்திருந்த பில்லி நாயர், கைது வாரண்டுக்குத் தப்பி வேறு ஐந்து பேரோடு டர்பன் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் புகுந்து உலகத்தின் கவனத்தை இழுத்தார்.

1994 ஏப்ரல் 27 அன்று எல்லாரும் வாக்களித்தார்கள். பில்லி நாயர் நாடாளுமன்ற உறுப்பினரானார், இந்திரேஸ் நாயுடு மேலவைக்குப் போனார், தொழிற்சங்கத் தலைவர் ஜெய் நாயுடு மண்டேலாவின் அமைச்சரவையில் அமர்ந்தார். அதே தேர்தலில் சாட்ஸ்வொர்த் போன்ற இந்தியத் தொழிலாளர் பகுதிகளின் வாக்குகளில் பெரும்பகுதி, அவர்களை அங்கே கொண்டுபோய் அடைத்த தேசியக் கட்சிக்கே விழுந்தது. வேலை போய்விடும், வீடு போய்விடும், 1949 திரும்பி வரும் என்ற அச்சத்தை அந்தக் கட்சி தெருத்தெருவாகப் பேசியிருந்தது.